அளவையும் மெய்ப்பொருளும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தமிழில் ‘அளவை’ என்றொரு சொல் உண்டு. நெல்லை அளக்கும் மரக்காலும் அளவை; நிலத்தை அளக்கும் கோலும் அளவை. தருக்க நூலாரோ காட்சி, கருதல், உரை முதலாய அறிவுக் கருவிகளையும் அளவை என்றே வழங்கினர். வடமொழியில் ‘பிரமாணம்’ என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. ஒரு பொருளின் அளவைக் காண்பதும், அப்பொருளை உள்ளவாறு அறிவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. சொல் ஒன்றாக இருப்பதனால் செயலும் ஒன்றாகிவிடுமா? அளந்துவிட்டால் அறிந்துவிட்டதாகுமா? இவ்வுரை எடுத்துக்கொண்ட வினா இதுவே.

இவ்வினா தத்துவ நூலார்க்கு மட்டும் உரியதன்று. பொறியியலும் இயற்பியலும் பயிலும் பிள்ளைகள் இன்று பெரும்பாலான இல்லங்களில் உளர். விடுமுறைக்கு ஊர் வரும் பேரன், “உயிர், உயிர் என்கிறீர்களே, அதனை எந்தக் கருவியால் அளந்தீர்கள்?” என்று பாட்டனாரிடம் கேட்கிறான். பாட்டனார், “அணுவும் அனந்தமும் இன்றைய விஞ்ஞானம் பிறக்குமுன்பே ஆகமத்தில் சொல்லப்பட்டுவிட்டன” என்கிறார். அளக்க இயலாதது இல்லாதது என்பது பேரன் கட்சி. அளந்து கண்டவை அனைத்தும் முன்பே நூலில் உள்ளன என்பது பாட்டனார் கட்சி. இருவரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றும். உற்று நோக்கின், உண்மைக்குக் கணிதமே இறுதிச் சான்று என்பதை இருவருமே ஒப்புக்கொண்டுவிட்டனர் என்பது புலப்படும். பேரன் அச்சான்று கேட்கிறான்; பாட்டனார் அச்சான்று தம்மிடம் உண்டு என்கிறார். அந்த ஒப்புதல் சரிதானா என்பதே முதலில் ஆராயத்தக்கது. அதற்குச் சமண மரபின் கணித நூலாரையே துணைக்கு அழைப்பது பொருத்தமாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில் வாழ்ந்தவர் மகாவீராசாரியர். அவர் இயற்றிய ‘கணிதசாரசங்கிரகம்’ ஏறத்தாழக் கி.பி. 850இல் எழுந்தது. வானநூலின் ஓர் உறுப்பாகவே கணிதம் எழுதப்பட்டுவந்த காலத்தில், கணிதத்துக்கென்றே தனியாக ஒன்பது அதிகாரங்களில் அமைந்த நூல் அது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக விளங்கிய எம். ரங்காசாரியார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தார். சென்னை அரசு அச்சகத்தில் அந்நூல் அச்சேறியது என்பது தமிழகத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது.

நூலின் தொடக்கத்தில் ஜினரை வணங்கிய பின், கணிதம் எங்கெங்குப் பயன்படுகிறது என்று ஆசாரியர் ஒரு நீண்ட வரிசை தருகிறார். உலக வழக்கும் சமயச் சடங்கும் அவ்வரிசையில் உள. இசை, கூத்து, மருத்துவம், மனைநூல், யாப்பு, இலக்கணம் எல்லாம் உள. கோள்களின் செலவும் கிரகணமும் உள. சமையற்கலையும் உள்ளது. அடுப்படியை மறவாத கணித ஆசிரியர் இக்காலத்தில்கூட அரியர். இறுதியில், மூவுலகில் இயங்குவன, நிற்பன ஆகிய எல்லாவற்றோடும் கணிதம் பிரிவின்றி இயைந்துள்ளது என்னும் கருத்தை வைக்கிறார். மெய்ப்பொருளைக் கணிதத்தால் சொல்ல இயலும் என்பதற்கு இதனினும் துணிவான கூற்று இந்திய நூல்களில் கிடைப்பது அரிது.

துணிவுக்கேற்ற திறமும் அவரிடம் இருந்தது. பல பொருள்களுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் வழிகள் எத்தனை என்பதற்குப் பொதுவிதி வகுத்தார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதைத் தெளிவாக உரைத்தார். ஆயினும் அதே நூலில், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்றும் எழுதினார். இது பிழை. பின்வந்த பாஸ்கராசாரியர் 12ஆம் நூற்றாண்டில் இதனை வேறு வகையாகக் கையாண்டார். விழா மலர்க் கட்டுரைகளில் மகாவீராசாரியரின் பெருமைகள் தவறாமல் இடம்பெறும், இப்பிழை இடம்பெறுவதில்லை. இடம்பெறல் வேண்டும். பிழை செய்யவும் இடமுள்ள ஒரு துறையில் உழைத்தார் என்பது அவர்க்கு இழுக்கன்று. உலகம் முழுதும் கணிதத்தோடு இயைந்தது என்று சொன்னவர் கையிலும் கணிதம் ஓரிடத்தில் வழுவிற்று என்பதே இங்கு நோக்கத்தக்கது.

இதனினும் ஆழமாகக் கற்பிக்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது ஒரு வட்டம்.

நாவலந்தீவு எனப்படும் ஜம்பூத்தீவின் விட்டம் 1,00,000 யோசனை என்பது நூல்வழக்கு. அதன் சுற்றளவு என்ன? பழைய ஆசிரியர்கள் விட்டத்தை வர்க்கித்து, பத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டனர். அதாவது பதினாயிரம் கோடியின் வர்க்கமூலம். இன்று கைப்பேசி நொடியில் சொல்லும் விடையை ஓலையும் எழுத்தாணியும் கொண்டு அவர்கள் கணக்கிட்டனர். யோசனைக்கு 4 குரோசம், குரோசத்துக்கு 2000 வில், வில்லுக்கு 96 அங்குலம் என்னும் வாய்பாட்டால் மிச்சத்தையும் விடாது பகுத்தனர். விடை: 316227 யோசனை, 3 குரோசம், 128 வில், 13½ அங்குலத்துக்குச் சற்று மிகுதி. இலட்சம் யோசனை அகன்ற வட்டத்தை அரை அங்குலம் வரை சொன்ன அப்பொறுமைக்குத் தலைவணங்காதார் இரார்.

ஆயினும் வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் பத்தின் வர்க்கமூல மடங்கு அன்று. சரியான மடங்கு 3.14159 எனத் தொடங்குவது. பத்தின் வர்க்கமூலமோ 3.16227 எனத் தொடங்குவது. இலட்சம் யோசனை விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 314159 யோசனையும் கால் யோசனைக்குச் சற்று மிகுதியும் ஆகும். அங்குலத்தில் பாதியைக்கூட விடாத கணக்கு, 2068 யோசனைக்கு மேல் தவறியிருக்கிறது. கணக்கிட்டவர் சோர்ந்துவிடவில்லை. பெருக்கலில் வழுவில்லை, வர்க்கமூலம் காண்பதிலும் குறிப்பிடத்தக்க குறையில்லை. எடுத்துக்கொண்ட முதல் விதியிலேயே பிழை இருந்தது. முதல் விதி தவறாயின், பின்வரும் நுணுக்கம் எவ்வளவு கூடினும் உண்மைக்கு அருகில் கொண்டுசெல்வதில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. புட்பதந்தரும் பூதபலியும் இயற்றிய ஷட்கண்டாகமத்துக்கு வீரசேனர் எழுதிய பேருரை ‘தவளா’. கி.பி. 816இல் நிறைவுற்றதாகக் கொள்ளப்படும் இவ்வுரை, மூடபிதிரியில் ஓலைச்சுவடிகளாகப் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டு, 1939 முதல் ஹீராலால் ஜெயின் பதிப்பாக அச்சில் வந்தது. அதில் வீரசேனர் வட்டத்துக்கு வேறொரு விதியை எடுத்துக்காட்டுகிறார். விட்டத்தை 16ஆல் பெருக்கி, அதனோடு 16 கூட்டி, 113ஆல் வகுத்து, வந்ததனை விட்டத்தின் மும்மடங்கோடு சேர்க்க வேண்டும். இவ்விதியை நாவலந்தீவுக்கு இட்டுப் பார்த்தால் 314159 யோசனையும் அரை யோசனைக்குச் சற்றுக் குறைவும் வருகிறது. சரியான விடைக்கும் இதற்கும் வேறுபாடு யோசனையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட யோசனைப் பிழை ஏறத்தாழ இல்லாது போயிற்று.

மாணவச் செல்வங்கள் இங்கே சற்று நின்று, அவ்விதியைச் சிறு வட்டத்துக்கும் இட்டுப் பார்க்க வேண்டும். விட்டம் ஒன்று எனக் கொண்டு, சொற்களை உள்ளவாறே பின்பற்றினால், சுற்றளவு 3.28 என வரும். இது பத்தின் வர்க்கமூலத்தினும் மோசமான விடை. விதியில் கூட்டச் சொன்ன 16 பெரிய வட்டத்தில் கடலிற் கரைத்த உப்புப்போல் மறைந்துவிடுகிறது. சிறிய வட்டத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே ஒரு விதி ஓரிடத்தில் ஏறத்தாழ மெய், மற்றோரிடத்தில் மெய்யன்று. ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்த சமணச் சான்றோர் இருவருள், மகாவீராசாரியர் நுட்ப அளவுக்குப் பத்தின் வர்க்கமூலத்தையே கொண்டார்; வீரசேனர் இவ்விதியை எடுத்தோதினார். மரபு என்பது ஒரே குரலில் பேசிய ஒன்றன்று.

நாவலந்தீவு எங்குள்ளது என்று பேரன் கேட்பான். நூல்கள் கூறும் அதன் அளவுகள் இன்றைய நிலநூல் காணும் பூமியின் அளவுகளோடு பொருந்துவன அல்ல. இதனைப் பூசி மெழுகிப் பிள்ளைகளிடம் பேசுதல் பயனற்றது. அவர்கள் அறையை விட்டு வெளியே சென்ற உடனே உண்மையை அறிந்துகொள்வர். வட்டத்தின் கணிதம் சரியாக அமைந்தாலும், அவ்வட்டம் உலகில் உள்ளதா என்பதைக் கணிதம் மட்டும் சொல்லிவிடாது. அதற்குக் காட்சி வேண்டும். காட்சியளவையைத் தருக்க நூலார் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு.

இது பழங்காலத்தாரின் குறை என்று பேரன் மகிழ வேண்டா. அண்மைக்கால மேலைநாட்டு வானநூலிலும் இதே கதை நிகழ்ந்திருக்கிறது. அங்கும் ஒரே மனிதர் கையில் கணிதம் ஒருமுறை வென்றது, ஒருமுறை தோற்றது.

யுரேனஸ் என்னும் கோள் 1781இல் கண்டறியப்பட்டது. நியூட்டனின் விதிப்படி அது செல்லவேண்டிய வழிக்கும் உண்மையில் சென்ற வழிக்கும் சிறு வேறுபாடு இருந்தது. பிரான்சு நாட்டு லெவெரியே என்பவர், அறியப்படாத வேறொரு கோள் அதனை ஈர்க்கிறது என்று கருதி, அக்கோள் இருக்கவேண்டிய இடத்தைக் காகிதத்தில் கணக்கிட்டார். இங்கிலாந்தில் ஆடம்சும் தனியே அவ்வாறு முயன்றார். லெவெரியேயின் மடல் பெர்லின் வானாய்வகத்துக்குச் சென்றது. 1846 செப்டம்பர் 23ஆம் நாள் இரவு, யோகான் கால்லே தொலைநோக்கியைத் திருப்ப, கணக்கிட்ட இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைந்த தொலைவில் புதிய கோள் இருந்தது. அதுவே நெப்டியூன். கண்ணாற் காணுமுன் எண்ணாற் கண்ட கோள் என்று உலகம் வியந்தது. வியப்பு நியாயமே.

அவரே 1859இல் புதன் கோளை ஆராய்ந்தார். புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பிவருகிறது. அத்திருப்பத்தில் மற்றக் கோள்களின் ஈர்ப்பால் விளக்கமுடியாத மிச்சம் ஒன்று இருந்தது. அம்மிச்சம் நூற்றாண்டுக்கு 43 விகலை என்பது இன்றைய கணக்கு; விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு. முன்பு வென்ற வழியையே லெவெரியே மீண்டும் பின்பற்றினார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே வேறு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. கண்டோம் என்றவர்களும் இருந்தனர். கிரகணந்தோறும் தேடினர். அப்படியொரு கோள் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், கோளைத் தேடாமல் ஈர்ப்பு விதியையே மாற்றி எழுதி, அந்த 43 விகலையை விளக்கினார். நியூட்டனின் விதி, நாவலந்தீவின் சுற்றளவுக்குக் கொண்ட விதியைப்போல, ஓரெல்லை வரை மெய்யாயிருந்தது.

இதிலும் ஒரு வியப்பு உண்டு. ஐன்ஸ்டைனுக்குத் தேவைப்பட்ட வளைந்த வெளியின் வடிவகணிதத்தை ரீமான் என்பவர் 1854இலேயே ஓர் உரையில் தொடங்கிவைத்திருந்தார். புதனின் அந்த மிச்சம் அப்போது வெளிப்பட்டிருக்கவுமில்லை. யாருக்கும் உடனடிப் பயனின்றி மனத்துக்குள் நெய்யப்பட்ட கணிதம், அறுபது ஆண்டுகள் கழித்து வானத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. இது ஏன் என்பதற்கு இயற்பியலறிஞர் யூஜின் விக்னர் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் முழு விடை கூறவில்லை. அப்பொருத்தம் ஒரு புதிர் என்பதை வலியுறுத்தியது. ஆகவே கணிதம் வெறும் மனக்கற்பனை என்று ஒதுக்குவாரும் வல்கனை மட்டும் நினைத்து நெப்டியூனை மறந்தவராவர்.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பேசுதற்கு அநேகாந்தத்தினும் சிறந்த மொழி கிடைப்பதரிது. ஒரு பொருளை ஒரு நோக்கிலிருந்து காண்பது நயம். முழுதுறக் காண்பது பிரமாணம். நயம் பொய்யன்று. தன் எல்லையை உணர்ந்த நயம் உண்மையின் ஒரு பகுதி. பிற நோக்குகளை மறுத்துத் தன்னையே முழுமை எனக் கொள்ளும்போது அது நயாபாசமாகிவிடுகிறது, அதாவது நயம்போல் தோன்றும் போலியாகிவிடுகிறது. கணிதம் ஒரு பொருளின் எண்ணையும் அளவையும் உறவையும் மட்டும் பிரித்தெடுத்து நோக்கும் நயம். அதன் வலிமை முழுதும் அப்பிரித்தெடுத்தலில் இருக்கிறது. ‘ஸ்யாத்’, ‘ஒருவகையில்’ என்னும் முன்சொல்லோடு நியூட்டன் விதி வழங்கியவரை அது நெப்டியூனைத் தந்தது; அம்முன்சொல் மறந்தபோது வல்கனைத் தந்தது.

சியாத்வாதத்துக்கும் கணிதத்துக்கும் உள்ள உறவு மேடைப்பேச்சு மட்டுமன்று. கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ், புள்ளியியலின் அடிப்படைகளைப் பற்றி 1954இல் எழுதுகையில் சியாத்வாதத்தை எடுத்துப் பேசினார். உயிரியலறிஞர் ஹால்டேன் 1957இல் அதனைத் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். பழைய ஆசாரியர்கள் புள்ளியியல் கண்டனர் என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகச் சில இடங்களில் பேசப்படுவது மிகை. உறுதியில்லாத ஒன்றைப் பற்றி ஒழுங்காகப் பேச இயலும் என்னும் கருத்து அங்கும் இங்கும் உண்டு என்பதே அவர்கள் கண்டது. அனந்தம் பற்றிய பேச்சுக்கும் இது பொருந்தும். எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, அனந்தம் எனப் பிரித்து, அவற்றுள் 21 வகை கண்டது நம்பற்கரிய துணிவு. 1874இல் ஜார்ஜ் கான்டர் செய்ததோ, ஒரு முடிவிலி மற்றொன்றினும் பெரிது என்பதை நிறுவிக்காட்டியது. முன்னது வகைப்பாடு, பின்னது நிறுவல். பாட்டனார் முன்னதன் பெருமையைச் சொல்வதற்குப் பின்னதைக் கடன்வாங்க வேண்டியதில்லை.

பொன்னூர் மலையோடு இணைத்துத் தமிழ்ச் சமணர் போற்றும் குந்தகுந்தர், சமயசாரத்தில் நிச்சய நயம், வியவகார நயம் என இரண்டைக் கூறுகிறார். வேற்று மொழியாளன் ஒருவனுக்கு அவன் மொழியிற் சொன்னாலன்றி உணர்த்த இயலாதவாறு, வியவகாரமின்றிப் பரமார்த்தத்தை உணர்த்த இயலாது என்பது அவர் காட்டும் உவமையின் கருத்து. கணிதத்துக்கு அவ்வுவமை நன்கு பொருந்தும். அது இயற்கையோடு பேசக் கிடைத்த மொழிகளுள் மிகத் தெளிவானது. மொழி தெளிவாயிருப்பதால் சொல்ல வேண்டியது அனைத்தும் சொல்லப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாகாது.

இனிப் பேரனின் வினாவுக்கு வரலாம். உயிரை எந்தக் கருவியால் அளந்தீர்கள்?

ஷட்கண்டாகமத்தில் அளவை பற்றிய பகுதியில், உயிர்களைத் திரவியத்தாலும், இடத்தாலும், காலத்தாலும் அளக்கும் மூவகை அளவைகள் சொல்லப்படுகின்றன. எண்ணிக்கை, பரப்பு, நேரம் என்று இவற்றை இன்றைய மொழியிற் கொள்ளலாம். இயற்பியல் நூல் கேட்பவையும் ஏறத்தாழ இவையே. அங்கே நான்காவதாகப் பாவப்பிரமாணம் ஒன்றும் சொல்லப்படுகிறது. அது என்ன? மேற்சொன்ன மூன்றையும் அறிகின்ற அறிவே நான்காம் அளவை என்று சூத்திரம் முடித்துவிடுகிறது. நான்காவதாக ஓர் அளவுகோலைத் தேடிச் சென்றவர் முன், அளப்பவனையே கொண்டுவந்து நிறுத்துகிறது.

இது விடையைத் தட்டிக்கழிக்கும் தந்திரமா என்று பேரன் ஐயுறலாம், ஐயுறுவது நன்று. மரக்கால் நெல்லை அளக்கும். மரக்காலைக் கொண்டு, ‘இத்தனை கலம்’ என்று அறிந்தது யார் என அளக்க இயலாது. தராசுத் தட்டில் நிறுப்பவன் ஏறி நிற்கலாம். அவன் எடை தெரியும். நிறுக்கிறோம் என்னும் உணர்வு முள்ளில் தெரியாது. இதனால் உயிர் உண்டு என்று நிறுவப்பட்டுவிட்டதாகச் சொல்லலாகாது. அளக்கப்படாதது இல்லாதது என்னும் கட்சி, அளத்தல் என்னும் செயலையே விளக்காமல் விட்டுவிடுகிறது என்பது மட்டும் தெளிவு. அவ்வளவில் நிறுத்திக்கொள்வதே அளவை நூலுக்குச் செய்யும் மரியாதை.

மெய்ப்பொருளைச் சொல்ல இயலுமா என்பது ஒரு வினா. வாழ்வுக்குப் பொருள் தர இயலுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு நூலகம் வேண்டியதில்லை, களத்துமேடு போதும். நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்வதில்லை. ‘லாபம்’ என்று தொடங்கி, பிறகே ‘இரண்டு’ என்பர். எண்ணிக்கையில் மாற்றமில்லை, குவியலில் ஒரு மணியும் கூடவில்லை. ஆயினும் ஓராண்டு உழைப்பும் வீட்டாரின் எதிர்பார்ப்பும் அந்த ஒரு சொல்லில் ஏறிவிடுகின்றன. எண் தன்னளவில் வெறுமையாய் நிற்கிறது. அதற்குள் பொருள் ஏற்றுவது அளக்கும் மனிதர்.

எனின், கணிதம் வாழ்வின் பொருளுக்கு எவ்வகையிலும் உதவாதோ எனின், உதவும். சமண மரபிலேயே அதற்கு அழகிய சான்று உண்டு. நாள்தோறும் கைகளில் உருள்வது. செபமாலையில் மணிகள் 108. ஏன் 108?

உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம், ஆறாம் அத்தியாயத்தில், வினை வந்து ஊறுதற்கு உயிர் எவ்வாறு இடமாகிறது என்பதைப் பகுத்துரைக்கிறது. ஒரு செயலுக்கு மூன்று நிலைகள்: துணிதல், அதற்கு வேண்டுவன திரட்டுதல், தொடங்கிச் செய்தல். ஒவ்வொன்றும் மனத்தாலோ மொழியாலோ மெய்யாலோ நிகழும். ஒவ்வொன்றும் தானே செய்தலாகவோ, பிறரால் செய்வித்தலாகவோ, செய்வாரை உடன்படுதலாகவோ அமையும். அவை சினம், செருக்கு, வஞ்சம், ஆசை என்னும் நான்கனுள் ஒன்றால் தூண்டப்படும். மூன்றை மூன்றால் பெருக்க 9. மீண்டும் மூன்றால் பெருக்க 27. நான்கால் பெருக்க 108.

இஃது எளிய பெருக்கல். பள்ளிச் சிறுவர் செய்துவிடுவர். ஆயினும் இப்பெருக்கலைச் செய்து பார்த்தவர்க்கு, “அதை நான் செய்யவில்லையே” என்று தப்பிக்கும் வழி அடைபடுகிறது. ஒரு வீட்டில் பாகப்பிரிவினையில் தம்பிக்கு அநீதி இழைக்கப்படுகிறது எனக் கொள்க. பத்திரம் எழுதியவர் ஒருவர். எழுதத் தூண்டியவர் ஒருவர். அறிந்தும் வாய்மூடித் தலையசைத்தவர் மற்றொருவர். ஊர்ப் பேச்சில் முதலாமவர் மட்டுமே குற்றவாளி. 108இன் கணக்கில் தலையசைத்தவருக்கும் தனிக் கட்டம் உண்டு. ஆசையால் தலையசைத்தாரா, அண்ணன்மேல் உள்ள பயத்தை மறைக்க வஞ்சத்தால் தலையசைத்தாரா என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மனச்சான்று மங்கலாக விட்டுவிடும் இடங்களைப் பெருக்கல் ஒவ்வொன்றாக ஒளியிட்டுக் காட்டுகிறது. கணிதம் வாழ்வுக்கு உதவும் இடம் இது. எந்தக் கட்டமும் விடுபடாமல் பார்க்கச் செய்கிறது. தாம் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதை அது சொல்லாது. மணியை உருட்டுபவர்தாம் சொல்லிக்கொள்ள வேண்டும். அண்மையில் சிலர் 108க்குச் சூரியனுடைய தொலைவு, சந்திரனுடைய விட்டம் என்றெல்லாம் காரணம் தேடுகின்றனர். கைக்குள்ளே இருக்கும் காரணம் அதனினும் அருமையானது.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. பரிக்கிரக பரிமாணம் என்றும் வழங்கும். துறவியர்போல் அனைத்தையும் விடுதல் இல்லறத்தார்க்கு இயலாது. ஆகவே உடைமைக்கு ஓரெல்லை குறித்துக்கொள்ளுதல் விரதமாயிற்று. பொதுவாகச் செல்வர் தம் கணக்கை எவ்வளவு சேர்ந்தது என்று அறிய எழுதுவர். இவ்விரதமேற்றவர் எங்கே நிற்பது என்று அறிய எழுதுகிறார். அதே ஏடு, அதே கூட்டல், அதே கழித்தல். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இவ்விரதத்துக்கு வரும் குற்றங்களை வரிசையாகக் கூறுகிறது: விளைநிலமும் மனையும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், ஏவலர், ஆடை முதலிய பொருள்கள் ஆகியவற்றில் ஏற்ற அளவைக் கடத்தல். அங்கு ‘அளவு’ என்பதற்கு ஆசிரியர் ஆண்ட சொல் பிரமாணம். அறிவுக் கருவிக்கு வழங்கும் சொல்லே இங்கு வந்து நிற்கிறது.

நிலம் எத்தனை காணி, பொன் எத்தனை சவரன், ஆடை எத்தனை என்னும் எண்கள் மட்டும் அச்சூத்திரத்தில் இல்லை. அவ்விடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. விரதம் ஏற்பவர் தம் வாயாற் சொல்லி நிரப்ப வேண்டிய இடம் அது.